அளந்துட்டேன் சார்

வெண்மதியின் அப்பா ராயப்பன், நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் கரியை அள்ளிப் போடுகிறவர். இருபத்திரண்டு வருடமாகக் கான்ட்ராக்ட். அம்மா சாமியம்மாளுக்கு டவுன்ஷிப்பில் மூன்று பிளாக் குவார்ட்டர்ஸ்களைக் கூட்டிப் பெருக்கும் வேலை; அதுவும் கான்ட்ராக்ட்தான். பக்கத்தில் வடக்குத்து கிராமத்தில் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. நிலம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதனால், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள், அதற்குப் பதிலாக வேலை கிடைத்தவர்கள் என்று ஊரில் பேச்சு எழும்போது ராயப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். "நம்மகிட்ட குடுக்கறதுக்கு என்னா இருந்துச்சு" என்பார்.

ஒரே மகள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தாள். ஒரு வருடம் அப்ரண்டிஸ் பயிற்சியும் முடித்தாள். அதற்குப் பிறகு பெர்மனன்ட் ஆகலாம் என்று காத்திருந்தவர்களின் கூட்டத்தில் அவளும் இரண்டு வருடம் நின்றாள். பிறகு நிற்பதை விட்டுவிட்டு, வடலூர் போகும் சாலையில் இருந்த சிவப்பிரகாசத்தின் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சிவப்பிரகாசம் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். விவசாயக் குடும்பம். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்றில் இரண்டு லேத்தும் ஒரு கம்ப்யூட்டர் மில்லிங் மெஷினும் வைத்து ஆறு பேருக்கு வேலை கொடுத்துவந்தார். அந்த மில்லிங் மெஷினை வெண்மதிதான் ஓட்டினாள். மூன்று வருடத்தில் அதன் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கியதா என்று சொல்லிவிடுவாள். சிவப்பிரகாசம் அவளை யாரிடமாவது அறிமுகப்படுத்தும்போது "நம்ம ஷெட்டோட மூளை" என்று சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது.

போன வருடம் ஆடி மாதத்தில் சிவப்பிரகாசம் பெங்களூர் போய் ஒரு மெஷினை ஏலத்தில் எடுத்துவந்தார். மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் ஃபைவ் ஆக்சிஸ் மெஷின். சாதாரண மெஷினில் டூல் மூன்று திசைகளில் போகும். இதில் அதோடு, ஜாப்பை, அதாவது வெட்டவேண்டிய கட்டியை, பிடித்திருக்கும் மேடையே தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் சாயும். அந்தத் தொட்டிலுக்குள் ஒரு வட்டத் தட்டு தனியாகச் சுற்றும். டூலும் தொட்டிலும் தட்டும் ஒரே நேரத்தில் அசைந்து, வேறு எதிலும் வெட்ட முடியாத வளைவுகளை வெட்டும். ஓய்வூதியப் பணத்தில் பெரும்பகுதியை அவர் அதில் போட்டிருந்தார் என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

புதுச்சேரியில் காற்று ஊதும் ப்ளோயர் செய்கிற கம்பெனி ஒன்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து பதினோரு இறகுகள் உள்ள இம்பெல்லர் என்ற காற்றுச் சக்கரம் ஒன்றை மாதிரிக்குச் செய்துகாட்ட வேண்டும். சரியாக வந்தால் மாதாமாதம் ஆர்டர். இறகு ஒவ்வொன்றும் வாழைப்பூ மடல் போல ஒன்றுக்குள் ஒன்று வளைந்து ஒளிந்திருந்தது. படத்தைப் பார்த்ததும் லேத் ஓட்டும் விஷ்ணு, "எனக்கு வேணாம்பா இது, நான் வரல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு நாற்பத்தைந்து வயது. சிவப்பிரகாசம் வெண்மதியைப் பார்த்தார்.

"உன்னால ஆவுமா?"

"கத்துகினா ஆவும் சார்" என்றாள்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. மெஷினை ஏலத்தில் எடுத்துக் கொடுத்த தரகர் இரண்டு முறை போனை எடுத்தார், மூன்றாவது முறை எடுக்கவில்லை. பாலிடெக்னிக்கில் அவளுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர், "நானே புஸ்தகத்துலதாம்மா பாத்திருக்கேன்" என்று உண்மையைச் சொன்னார். இன்டர்நெட்டில் மெஷின்காரர்கள் பேசிக்கொள்ளும் ஆங்கிலப் பக்கம் ஒன்றில், வாக்கியத்தை நாலு முறை எழுதி அழித்து, கடைசியில் தன் கேள்வியைப் போட்டாள். இருபது பேர் பதில் எழுதினார்கள். பதினைந்து பேர், உனக்கு இது வேண்டாம், தெரிந்தவரைச் சம்பளத்துக்கு வை என்றார்கள். மீதிப் பேர் அவளைத் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகளே அவளுக்குப் புரியவில்லை.

பிறகு தமிழ்நாட்டு மெஷின் ப்ரோகிராமர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்தாள். எண்ணூறு பேர். அவளுக்குத் தெரிந்து பெண்கள் மூன்று பேர். அங்கே கேட்டதும் ஓசூரிலிருந்து ஒருவர், "எந்த போஸ்ட் யூஸ் பண்றீங்க?" என்றார். போஸ்ட் என்பது கம்ப்யூட்டரில் வரைந்த பாதையை அந்தந்த மெஷினுக்குப் புரிகிற பாஷையில் மாற்றிக் கொடுக்கும் நிரல். அவள் ஓட்டிய பழைய மெஷினில் அது தானாகவே இருந்தது, அதன் பெயரைக் கேட்கவேண்டிய அவசியம் வந்ததில்லை.

"போஸ்ட்டுன்னா என்ன சார்?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வரிக்குக் கீழே சிரிக்கும் மூஞ்சிகள் வரிசையாக விழுந்தன. ஒருவர் குரல் பதிவே அனுப்பினார். "போஸ்ட் என்னன்னே தெரியாம ஃபைவ் ஆக்சிஸ் ஓட்ட வந்துட்டாங்கப்பா. இன்சூரன்ஸ் போட்டாச்சா மேடம்?" பின்னால் இன்னும் இரண்டு மூன்று ஆண்கள் சிரிப்பது அதில் கேட்டது. வெண்மதி அதை ஒருமுறைதான் கேட்டாள். ஷெட்டுக்குப் பின்னால் பைப்படியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி வேலையில் நின்றாள். அன்றிலிருந்து எதையும் கேட்பதற்கு முன்னால் அதற்குப் பாதிப் பதிலை எங்கிருந்தாவது தேடிப் படித்துவிட்டுத்தான் கேட்டாள். தெரியாதவள் என்று தெரியாதபடிக்குக் கேட்கப் பழகினாள்.

அப்படித்தான் மூன்று மாதத்தில் மெஷினை அசைய வைத்தாள். போஸ்ட் கிடைத்தது. தொட்டில் சாய்ந்தது, தட்டு சுற்றியது. முதல்முறை தொட்டிலும் டூலும் சேர்ந்து அசைந்ததை ஷெட்டில் ஆறு பேரும் நின்று பார்த்தார்கள். சிவப்பிரகாசம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். தான் கழற்றியது அவருக்கே தெரிந்திருக்காது.

ஆனால் இம்பெல்லர் சரியாக வரவில்லை. ஒரு பக்கத்து இறகுகள் தடியாகவும் எதிர்ப் பக்கத்து இறகுகள் காகிதம் போலவும் வந்தன. தொட்டில் சாய்வு மாறும் இடத்திலெல்லாம் படிக்கட்டு போலக் கோடு விழுந்தது. நான்கு கட்டி வீணாகிவிட்டது. புதுச்சேரிக்காரர்கள் கார்த்திகை வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குழுவிலிருந்து ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். பெயர் அருண்குமார். கோயம்புத்தூரில் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றில், விற்ற மெஷினை ஓட்டிக் காட்டும் வேலை. ஃபைவ் ஆக்சிஸில் பத்து வருடம். "அன்னிக்கு அவங்க சிரிச்சது சரியில்லைங்க. என்ன பிரச்சினைன்னு போட்டோ அனுப்புங்க" என்று எழுதியிருந்தார். வெண்மதி பதினாறு போட்டோ அனுப்பினாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"போட்டோ பாத்தனுங்க மேடம். மெஷினை லாரியில ஏத்தறப்ப தொட்டிலைக் கழட்டுனாங்களா?"

"கழட்டித்தான் சார் கொண்டாந்தாங்க. இங்க வந்து மாட்டினாங்க."

"மறுபடி மாட்டுனதுக்கப்புறம் சென்டர் அளந்தீங்களா? டயல் வச்சு?"

தொட்டில் எந்த அச்சில் சாய்கிறதோ, அந்த அச்சு மெஷினுக்குள் மிகச் சரியாக எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவர் கேட்டார். அந்த அளவு மெஷினுக்குள் பதிவாகியிருக்கும். அதை வைத்துத்தான், தொட்டில் சாயும்போது டூல் எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்று மெஷின் கணக்குப் போடும். அளவு தப்பென்றால் எல்லாமே தப்பு. பத்து வருட அனுபவக்காரர் முதல் நிமிடத்திலேயே விரலைச் சரியான இடத்தில் வைத்துவிட்டார்.

வெண்மதி அளக்கவில்லை. அப்படி ஒன்றை அளக்க வேண்டும் என்பதே அந்த நிமிடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. எப்படி அளப்பது என்றும் தெரியாது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதுகூடத் தெரியாதா என்ற கேள்வி போனுக்குள்ளிருந்து வரப்போவதாக அவளுக்குத் தோன்றியது.

"அளந்துட்டேன் சார்" என்றாள்.

"எவ்வளவு வந்துதுங்க?"

மின்சாரப் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பெங்களூர் கம்பெனியில் யாரோ நீல மையில் சில எண்களை எழுதி வைத்திருந்தார்கள். அவள் நடந்துபோய்க் கதவைத் திறந்து அந்த எண்களைப் படித்தாள்.

"மெஷின்ல பதிவாயிருக்கறதும் அதேதானுங்களா?"

"அதேதான் சார்." அது மட்டும் உண்மை.

"அப்ப மெஷின் சுத்தமுங்க. ப்ரோகிராம்லதான் ஏதோ இருக்கோணும். ஃபைலை அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்."

நான்கு நாள் அவர் தன் வேலையெல்லாம் முடித்த பிறகு அவளுடைய ஃபைலைத் திறந்துவைத்துப் பார்த்தார். சம்பளம் இல்லை, கம்பெனிக்குத் தெரியாது. பாதையின் சாய்வை மாற்றினார். நீளமான டூல் நடுங்குகிறது என்று குட்டையான டூலைப் போடச் சொன்னார். டூல் குட்டையானதால், டூலைப் பிடித்திருக்கும் கனத்த இரும்புப் பிடி இம்பெல்லரின் நடுக்குமிழுக்கு மிக அருகில் வரும். "ஒன்றரை மில்லி இடைவெளி இருக்கு. சென்டர் கரெக்டா இருக்கறதால பயமில்லீங்க, தாராளமா ஓடும்" என்று குரல் பதிவில் சொன்னார்.

அந்த நான்கு நாளில் அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தாள் என்பதும் உண்மை. அளப்பது எப்படி என்று வீடியோ தேடிப் பார்த்தாள். அதில் காட்டிய நீண்ட உருளைக் கம்பி ஷெட்டில் இல்லை. சிவப்பிரகாசத்திடம் கேட்டபோது, "ஆர்டர் வரட்டும்மா, எல்லாம் வாங்கிடலாம்" என்றார். ஒருநாள் அருண்குமாருக்கு "சார்" என்று மட்டும் அனுப்பினாள். "சொல்லுங்க" என்று உடனே பதில் வந்தது. அளக்கவில்லை என்று அடித்து, அழித்தாள். பிறகு "ஒன்னுமில்ல சார், ரொம்ப நன்றி" என்று எழுதினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஓட்டினாள். முதலில் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி, வேகத்தைக் குறைத்து வைத்து ஓட்டினாள். இரண்டு இறகுகளுக்கு நடுவே கனமாக வெட்டி எடுக்கும் பகுதி அழகாகப் போனது. அலுமினியச் சுருள் வெள்ளையாகக் கொட்டியது. விஷ்ணு லேத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "போவுதேம்மா" என்றார். அவள் வேகத்தைக் கூட்டினாள்.

மூன்றாவது இறகில் தொட்டில் முழுதாகச் சாய்ந்தது. பிடி குமிழில் இடித்தது. இடித்த பிறகும் மெஷின் அரை நொடி தள்ளியது. ஷெட்டின் தகரம் முழுதும் அதிர்ந்தது. அவள் சிவப்பு பட்டனை அடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இம்பெல்லர் பிடுங்கிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தது. டூல் மூன்றாக உடைந்திருந்தது. டூலைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்த்தாள். உள்ளே மணலைப் போட்டு அரைப்பது போல ஒரு நறநறப்பு.

சிவப்பிரகாசம் வந்து நின்றார். அவரும் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினார். ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் இருந்தவருக்கு அந்த நறநறப்புக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

"உனக்கு அடி ஏதும் படலயே?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சார்."

"போய் தண்ணி குடி."

அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "உங்கள நம்பித்தானே சார் அந்தப் பொண்ணு ஓட்டுச்சு. ஒன்றரை மில்லி போதும்னு யார் சொன்னது? நீங்க பேசினத எல்லாரும் கேட்டுகினுதான் இருந்தோம்." மறுமுனையில் அருண்குமார் என்ன சொன்னார் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. சென்டர் அளந்ததாக அவர் சொல்லியிருப்பார். சிவப்பிரகாசம், "அவ அளந்தாளே, அவ சரியாத்தான் அளந்திருப்பா" என்று கத்தினார்.

அவள் கதவருகே நின்றாள். அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் சிவப்பிரகாசம் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னார். அருண்குமாரின் கம்பெனிக்கு ஒரு புகார் கடிதம். அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். தங்கள் ஊழியர் பொறுப்பில்லாமல் கொடுத்த ஆலோசனையால் எங்கள் மெஷினின் ஸ்பிண்டில் சேதமடைந்தது என்பது முதல் வரி. எங்கள் ப்ரோகிராமர் அவர் சொன்னதை அப்படியே செய்தார் என்பது இரண்டாவது வரி. அந்த வரியை அடிக்கும்போது அவள் விரல் இரண்டு முறை தப்பான எழுத்தில் விழுந்தது. "நிதானமா அடிம்மா" என்றார் சிவப்பிரகாசம். கடிதத்தை அவள்தான் அனுப்பினாள்.

மூன்று நாள் அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டாள். ராயப்பன் அவளருகில் வந்து உட்கார்ந்தார். "பெல்ட்டு கிழிஞ்சி ஒரு ஷிப்ட்டே நின்னுபோன நாளெல்லாம் இருக்கு பாப்பா. இரும்புதான. ஒடைஞ்சா ஒட்டிக்குவாங்க" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். அவள் தலையாட்டினாள். அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். மகள் கம்ப்யூட்டர் மெஷின் ஓட்டுகிறாள் என்று அவர் ஷிப்ட்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பது நினைவுக்கு வந்ததும் எழுந்துபோய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அருண்குமார் நேரில் வந்தார். போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்று கம்பெனி அனுப்பியிருந்தது. விருத்தாசலம் வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் வந்திருந்தார். குரலை வைத்து அவள் நினைத்ததைவிட இளையவர். ஒல்லியான ஆள், கையில் ஒரு மரப்பெட்டி. சிவப்பிரகாசம் அவரை உட்காரச் சொல்லவில்லை. வெண்மதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்கதானுங்களா" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஸ்பிண்டில் வளைந்திருந்ததால் அதில் எதையும் மாட்டி அளக்க முடியாது. மெஷின் தலையின் பக்கவாட்டில் காந்த ஸ்டாண்டை ஒட்டி, அதில், நூலிழை வித்தியாசத்தையும் முள்ளில் காட்டும் டயலை மாட்டினார். தொட்டிலை இந்தப் பக்கம் முழுதாகச் சாய்த்து ஒரு அளவு எடுத்தார். அந்தப் பக்கம் சாய்த்து இன்னொன்று. "கொஞ்சம் டார்ச் புடிங்க மேடம்" என்றார். அவள் பிடித்தாள். எல்லாமே இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இந்த இருபது நிமிட வேலை தெரியாமல்தான் அவள் மாதக்கணக்கில் தடுமாறியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு அசைவும் அவளுக்கு விளங்கியது. அதற்கு அந்த உருளைக் கம்பிகூட வேண்டியதில்லை. ஷெட்டில் ஏற்கெனவே இருந்த டயலே போதும்.

அருண்குமார் நோட்டில் கூட்டிக் கழித்தார். மறுபடி ஒருமுறை கூட்டினார். பிறகு குனிந்து தொட்டிலின் காலைப் பார்த்தார். காலில் இருந்த பெயின்ட் கோடும் அடித்தளத்தில் இருந்த கோடும் சேரவில்லை. "இங்க அடியில ஒரு தகடு இருந்திருக்கோணும். மாட்டறப்ப விட்டுட்டாங்க. ரெண்டு மில்லி இறங்கியிருக்கு" என்றார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அளந்தேன்னு சொன்னீங்களே மேடம்."

சிவப்பிரகாசமும் அவளைப் பார்த்தார். லேத் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. விஷ்ணுவும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அளக்கலைங்க சார்" என்றாள் வெண்மதி. "எப்படி அளக்கறதுன்னு எனக்குத் தெரியாது. ஸ்டிக்கர்ல இருந்தத படிச்சேன்."

"அன்னிக்கே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேங்க. அஞ்சு நிமிஷத்துல சொல்லிக் குடுத்திருப்பேனே."

"சொன்னா போனை வச்சிருவீங்கன்னு நெனச்சேன் சார்."

அவர் மறுக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் டயலைத் துணியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"தெரியலீங்க. வச்சிருந்தாலும் வச்சிருப்பேன்" என்றார்.

சிவப்பிரகாசம் ஒரு இரும்புக் கட்டியின் மேல் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அருண்குமார் விடைபெற்றபோதுதான் எழுந்தார். "நான் உங்கள கண்டபடி பேசிட்டேன் சார். லெட்டரை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். பிறகு வெண்மதி பக்கம் திரும்பாமலே, "நீயே அடி" என்றார்.

இரண்டாவது கடிதத்தையும் அவள்தான் அடித்தாள். எங்கள் ஊழியர் கொடுத்த தவறான தகவலால் நேர்ந்தது என்று அவர் சொன்னார். "பேர் போடட்டுங்களா சார்?" என்று கேட்டாள். "வேணாம்" என்றார். அவர் வெளியே போன பிறகு அவள் தன் பெயரைச் சேர்த்தாள். அப்பாவின் முதலெழுத்தோடு முழுப்பெயரையும் போட்டு அனுப்பினாள்.

அவர் அவளைப் போகச் சொல்லவில்லை. ஆனால் ஷெட்டோட மூளை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், வேலை ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் விஷ்ணுவிடம் சொல்லி அனுப்பினார். புதுச்சேரிக்காரர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். ஸ்பிண்டிலைச் சரிசெய்ய வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அதற்கான பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மெஷின்மேல் நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். மார்கழியில் பழைய லேத் ஒன்றையும் விற்றார். அதை ஓட்டிய விஷ்ணுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடைசி நாளன்று விஷ்ணு தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போகும்போது அவளிடம், "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். அதற்கு அடுத்த நாளிலிருந்து அவளும் போகவில்லை. போகவில்லை என்று யாரும் போன் செய்து கேட்கவும் இல்லை.

அருண்குமாருக்கு ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பினாள். நீளமாக எழுதிக் கடைசியில் மூன்று வரியாகக் குறைத்தாள். படித்ததற்கான இரண்டு நீலக்கோடு வந்தது. பதில் வரவில்லை. கம்பெனியில் அவருக்கு என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இருந்தது, குழுவில் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் குழுவில்தான் உடைந்த இம்பெல்லரின் போட்டோ சுற்றிக்கொண்டிருந்தது. யார் எடுத்தார்கள், யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. "நெய்வேலி ஃபைவ் ஆக்சிஸ்" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

ஓசூரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனாள். சாதாரண மில்லிங் மெஷின் வேலைதான். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் பஸ் பயணம். சர்டிஃபிகேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நெய்வேலி என்றதும் தலையைத் தூக்கினார். "அந்த ஸ்பிண்டில் உடைச்ச கேஸ் எந்த ஷெட்டுல நடந்ததும்மா? உங்க ஊருதானே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஊர்க்கதை கேட்கிற ஆவல், அவ்வளவுதான். வெண்மதி சொன்னாள். எந்த ஷெட் என்பதையும் சொன்னாள், யார் ஓட்டியது என்பதையும் சொன்னாள். அவர் சர்டிஃபிகேட்டுகளை அடுக்கிக் கையில் கொடுத்து, கூப்பிடுவதாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த புளிசாதத்தைப் பாதி சாப்பிட்டாள். மற்ற இன்டர்வியூக்களுக்கு அவள் போகவில்லை.

இப்போது டவுன்ஷிப்பில் கூட்டிப் பெருக்குகிறவர்களின் வருகையைக் குறித்துவைக்கும் வேலை. சாமியம்மாள் தன் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தது. காலை ஆறரைக்கு ஒவ்வொரு பிளாக்காகச் சைக்கிளில் போய்ப் பெயரைக் கூப்பிட்டு எழுத வேண்டும். அம்மாவின் பெயரையும் அவள்தான் கூப்பிடுகிறாள். சாமியம்மாளுக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. "டிப்ளமா படிச்சது நம்ம பேர எழுதத்தானா" என்று ஒருநாள் யாரோ சொன்னதற்குப் பிறகு, பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாள்.

தை மாதம் பூசத்துக்கு வெண்மதி அம்மாவோடு வடலூர் போனாள். ஜோதி பார்த்துவிட்டு, வெயிலில் நின்று, அன்னதானப் பந்தல் ஒன்றில் இடம் கிடைத்து உட்கார்ந்தார்கள். இலை போட்டுச் சோறு வைத்துவிட்டுப் போனார்கள். சாம்பார் வாளியோடு வரிசையில் குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தவர் சிவப்பிரகாசம். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஆள் இளைத்திருந்தார்.

அவளுக்கு நாலு இலை முன்னால் அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்தாள். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பக்கத்தில் பொரியல் போட்டுக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த வரிசைய நீ பாத்துக்க" என்று வாளியைக் கொடுத்துவிட்டுப் பந்தலின் மறுபக்கமாக நடந்து போய்விட்டார்.

"யாரு அது? உங்க முதலாளி மாதிரி இருந்துச்சே" என்றாள் சாமியம்மாள்.

"இல்லம்மா" என்றாள் வெண்மதி.

வாளியை வாங்கியவர் வந்து சாம்பார் ஊற்றினார். அவள் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.